களிமண் ஏடுகளுக்குள் ஒரு பந்தயம்

பிசினும் தூளும்: சிங்கப்பூர்க் கலப்புப்பொருள்களின் வரலாறு – பகுதி 9

இதுவரை

சிங்கப்பூரின் வரலாற்றைத் துறைமுகத்தின் வழியாகவும் வணிகத்தின் வழியாகவும் எழுதுவதே வழக்கமாக இருக்க, அதே வரலாற்றை இறுகிப் பிணையும் பொருள்களின் வழியாகப் பின்தொடரும் இத்தொடர், சென்ற பகுதிகளில் மூன்று கட்டங்களைக் கடந்து வந்துள்ளது.

முதற்கட்டத்தின் களம், தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் இன்று அறியப்படும் வட்டாரம். சுண்ணாம்புத் தொழில் நடந்த சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். 1856ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு, இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து, 1862ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்குப் பூசப்பட்ட மதராஸ் சுண்ணச்சாந்தில், சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்ந்திருந்தன. கனிமத் தூளும் உயிர்ப்பொருளும் ஒன்றாகி இறுகும் கலப்புப்பொருளை அந்தத் தொழிலாளர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இரண்டாம் கட்டத்தில், சிங்கப்பூரிலிருந்து 1843ஆம் ஆண்டு வில்லியம் மாண்ட்கோமரி லண்டனுக்கு அனுப்பிய கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால், எட்டே ஆண்டுகளில் ஆங்கிலக் கால்வாயின் அடியில் தந்திக் கம்பிக்கு உறையாயிற்று. மூன்றாம் கட்டத்தில், தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி வளர்த்தெடுத்த ரப்பர் தொழிலுக்கு லண்டனின் சில்வர்டவுன் ஆலை பெருந்துணையாக வந்து சேர்ந்தது. 1904ஆம் ஆண்டு அங்கே ரப்பருடன் கரிப்புகைத் தூளைச் சேர்த்தபோது அதன் வலிமை பன்மடங்கு கூடியது. அந்தத் தூளின் துகள்கள் ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் கிடைக்கும் நானோமீட்டர் என்ற அளவில் சில பத்துகள் மட்டுமே பருமன் கொண்டவை என்பது அன்று எவருக்கும் தெரியாது.

இந்த வாரக் கதை, பிசினுக்குள் போடும் தூள் வெறுமனே இடத்தை நிரப்புகிறதா, அல்லது பிசின் இறுகும் வினையிலேயே கைவைக்கிறதா என்ற கேள்வியைச் சுற்றி நிகழ்ந்தது.

இரண்டு நீர்மங்கள், ஒரு திண்மம்

1938ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் டி ட்ரே நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் பியர் காஸ்டான், இறுகும்போது அதிகம் சுருங்காத பொருள் ஒன்றைப் பல் மருத்துவத்துக்காகத் தேடி, பின்னாளில் எபாக்சி எனப் பெயர்பெற்ற பிசினுக்குக் காப்புரிமை கோரினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க வண்ணப்பூச்சு நிறுவனம் ஒன்றில் சில்வன் கிரீன்லீ தனிவழியில் அதே இடத்தை வந்தடைந்தார். காஸ்டானின் உரிமத்தைப் பெற்ற சீபா நிறுவனம் 1946ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய அரால்டைட் என்னும் பசை, இன்றும் ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் இரட்டைக் குழல்களாக விற்கப்படுகிறது.

ஒரு குழலில் பிசினும் மற்றொன்றில் கடினமாக்கியும் இருக்கும். பிசின் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த, இறுக்கமாக வளைக்கப்பட்டதால் எளிதில் திறந்துகொள்ளும் மூவணு வளையம் உண்டு. கடினமாக்கியில் உள்ள அமீன் என்னும் நைட்ரஜன் தொகுதி அந்த வளையத்தைத் திறந்து தன்னை அதனுடன் பிணைத்துக்கொள்ள, ஒவ்வொரு திறப்பிலும் வெப்பம் வெளியாகிறது. திறந்த இடத்தில் உருவாகும் ஹைட்ராக்சில் தொகுதி அடுத்த வளையம் திறப்பதை விரைவுபடுத்துகிறது. இவ்வாறு தன்னைத்தானே முடுக்கிக்கொண்டு முப்பரிமாண வலையாக வளரும் வினைக்குத்தான் இறுகல் என்று பெயர்.

சிங்கப்பூரில் இந்தப் பிசினுக்கு இரண்டு பெரிய களங்கள் அமைந்தன.

முதலாவது, கப்பல் பட்டறை. 1963ஆம் ஆண்டு ஜூரோங்கிலும், பிரிட்டிஷ் கடற்படைத்தளம் கைமாறிய 1968ஆம் ஆண்டு செம்பவாங்கிலும் தொடங்கிய பட்டறைகளில், உப்புநீரைத் தாங்கும் எபாக்சிப் பூச்சு அன்றாடத் தேவையாயிற்று. கப்பலின் இரும்பு மேனியை மணல்வீச்சால் சுரண்டி, பூச்சைத் தெளிக்கும் அந்த வேலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களில் பலர் இன்றும் ஈடுபட்டுள்ளனர்.

இரண்டாவது, மின்னணுத் தொழில். 1968ஆம் ஆண்டு நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனமும், மறு ஆண்டு காலாங் வடிநிலத்தில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமும் தொழிற்கூடங்களை அமைத்தன. சிலிக்கன் சில்லுகளை எபாக்சிக் கலவைக்குள் பொதிந்து மூடுவது இத்தொழிலின் நிலைத்த முறையாகியது. வெப்பத்தில் சிலிக்கனைவிட இருபது மடங்கு வரை அதிகமாக விரியக்கூடிய எபாக்சியைத் தனியாகப் பயன்படுத்தினால் சில்லு பிளந்துவிடும் என்பதால், மிகக் குறைவாக விரியும் சிலிக்காத் தூளைக் கலவையின் எடையில் 70 முதல் 90 விழுக்காடு வரை சேர்த்தனர்.

இந்தத் தூளின் துகள்கள் மைக்ரோமீட்டர் அளவின. அதாவது நானோமீட்டரைப்போல் ஆயிரம் மடங்கு பெரியவை. அவை விலையைக் குறைத்தன, விரிவைக் கட்டுப்படுத்தின. பிசின் இறுகும் வேதிவினையில் அவற்றுக்குப் பெரிய பங்கில்லை என்று கருதியே தொழில் நடந்தது.

ஈரக்காற்றின் நெருக்கடி

ஆனால் இத்தீவின் காற்று எபாக்சிக்கு இணக்கமானதாக இருக்கவில்லை. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கும் இங்கே, விடியற்காலையில் அது 90ஐயும் கடந்துவிடும். இறுகத் தொடங்கிய பூச்சின் மேற்பரப்பில் ஈரம் படிந்தால், அமீன் பிசினை விட்டுவிட்டு நீருடனும் காற்றிலுள்ள கரியமில வாயுவுடனும் சேர்ந்து பிசுபிசுப்பான வெண்படலமாகிவிடுகிறது. காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலான வெப்பத்தில் இரும்புப் பரப்பு இருந்தால்தான் பூச வேண்டும் என்ற பட்டறை விதி இதற்காகவே ஏற்பட்டது.

ஒழுங்காக இறுகிய பின்னும் சிக்கல் முடிவதில்லை. எபாக்சி மெல்ல மெல்ல நீரை உறிஞ்சுகிறது; கண்ணாடிபோல் விறைத்திருக்கும் பிசின் எந்த வெப்பநிலையில் தோல்போல் நெகிழத் தொடங்குகிறதோ அந்தக் கண்ணாடிநிலை வெப்பநிலை, உறிஞ்சப்பட்ட ஒவ்வொரு விழுக்காடு நீருக்கும் ஏறத்தாழ 10 முதல் 20 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. சில்லின் பொதிவுக்குள் புகுந்த ஈரம், பற்றவைக்கும் சூட்டில் நீராவியாகி உள்ளிருந்தே பொதிவை வெடிக்கச் செய்யும் கோளாறுக்குத் தொழிற்கூடங்கள் சோளப்பொரிக் கோளாறு என்று பெயரிட்டிருந்தன.

நீர் புகும் வழியில் தட்டையான, ஊடுருவ முடியாத ஏடுகளைக் குறுக்கே அடுக்கினால், நீர் மூலக்கூறு அவற்றைச் சுற்றிச் சுற்றி நெடுந்தூரம் செல்ல நேரிடும் என்பது பூச்சுத் தொழிலில் ஏற்கெனவே தெரிந்த உண்மை. ஏடு எவ்வளவு மெல்லியதாகவும் அகலமாகவும் இருக்கிறதோ, அவ்வளவு குறைவான எடையிலேயே அந்தச் சுற்றுவழி உருவாகும். அத்தகைய ஏடுகளிலேயே மிக மெல்லியவை, களிமண்ணில் இருந்தன.

நகோயாவிலிருந்து மிச்சிகனுக்கு

மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமத்தின் ஒவ்வோர் ஏடும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்பும், அதைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அகலமும் கொண்டது. வெற்றிலைக் கவுளியில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடப்பதைப்போல் இந்த ஏடுகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்க, இடையிலுள்ள சோடியம் அயனிகள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன.

1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் நகோயாவை அடுத்த டொயோட்டா மத்திய ஆய்வுக்கூடத்தின் அறிஞர்கள் இந்தக் கட்டை நைலானுக்குள் பிரித்துக் காட்டினர். எடையில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான களிமண்ணைக் கொண்ட நைலானின் விறைப்பு ஏறத்தாழ இரட்டித்தது. சுமையின்கீழ் அது வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 டிகிரியிலிருந்து 140 டிகிரியைத் தாண்டியது. அந்தப் பொருள் காரின் பட்டை உறையாகச் சந்தைக்கும் வந்தது.

நைலானில் முடிந்தது எபாக்சியிலும் முடியுமா என்ற கேள்வியை 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் எதிர்கொண்டன. ஒன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் இம்மானுவேல் கியானெலிஸ் தலைமையிலானது. மற்றொன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பின்னவாயா தலைமையிலானது.

பின்னவாயாவின் குழு, சோடியம் அயனிகளை வெளியேற்றிவிட்டு, எண்ணெய்த்தன்மை கொண்ட நீண்ட வாலுடைய அமோனியம் அயனிகளை ஏடுகளுக்கிடையே குடியேற்றியது. இதனால் எண்ணெய்போன்ற பிசின் ஏடுகளுக்கு நடுவே நுழைய வழி கிடைத்தது. ரப்பர்போல் நெகிழும் எபாக்சி வகையில் எடையளவில் 15 விழுக்காடு களிமண் சேர்ந்தபோது, இழுவலிமையும் விறைப்பும் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தன.

ஆனால் கப்பல் பட்டறைக்கும் சில்லுத் தொழிற்கூடத்துக்கும் வேண்டிய, கண்ணாடிபோல் விறைத்த எபாக்சியில் இந்தப் பலன் சுருங்கிப்போயிற்று. காரணத்தைத் தேடியவர்களின் கவனம், பொருளின் பண்புகளிலிருந்து அது இறுகும் நிமிடங்களுக்குத் திரும்பியது.

58 விழுக்காடு வரை

இறுகத் தொடங்கிய எபாக்சி, முதலில் பாகுபோல் ஓடும். வளையங்கள் திறக்கத் திறக்க மூலக்கூறுகள் கிளைவிட்டு வளர்ந்து, ஒரு கட்டத்தில் பாத்திரத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே மூலக்கூறாகத் தொடர்புகொண்டுவிடும். கூழ்நிலை எனப்படும் அந்தக் கணத்துக்குப் பிறகு அது ஓடாது. இரண்டு வளையங்கள் கொண்ட பிசினையும் நான்கு இணைப்பிடங்கள் கொண்ட டைஅமீனையும் சரியான விகிதத்தில் கலந்தால், வளையங்களில் ஏறத்தாழ 58 விழுக்காடு திறந்ததும் கூழ்நிலை வந்துவிடும் என்று கணக்கு சொல்கிறது.

களிமண் கட்டு பிரிவதற்கு உரிய காலம் அதுவரைதான்.

ஏடுகளுக்கு இடையே நுழைந்த பிசினும் இறுகுகிறது. வெளியே உள்ள பிசினும் இறுகுகிறது. வெளியே இருப்பது முந்திக்கொண்டு கூழாகிவிட்டால், உள்ளே உள்ள ஏடுகள் விலக இடமின்றிக் கட்டாகவே சிறைப்படும். அந்தக் கட்டு பின்னர் விரிசலுக்கு வித்தாகும். உள்ளே இருப்பது முந்தினால், வளரும் வலைப்பின்னல் ஏடுகளை இருபுறமும் தள்ளி ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடும். ஆகவே ஒரே பிசின், ஒரே களிமண், ஒரே அளவு என்று வைத்துக்கொண்டாலும், இறுகும் வெப்பநிலையும் கடினமாக்கியின் வேகமும் மாறினால் கிடைக்கும் பொருளும் மாறிவிடும்.

இங்கேதான் நிரப்பி சும்மா இருப்பதில்லை என்பது வெளிப்பட்டது. ஏடுகளுக்கு நடுவே குடியேற்றப்பட்ட அமோனியம் அயனிகள் அமிலத்தன்மை உடையவை என்பதால், வளையங்கள் திறப்பதை அவை உள்ளேயே விரைவுபடுத்தின. பந்தயத்தில் உட்புறத்துக்கு முன்னுரிமை கொடுத்தது அந்த அயனிகளே.

பிற்காலத்தில் கார்பன் நானோகுழாய், கிராஃபீன் ஆக்சைடு, நானோ சிலிக்கா எனப் பல நிரப்பிகளை ஆராய்ந்தவர்களும் இதே இரட்டைக் குணத்தைக் கண்டனர். பரப்பில் ஹைட்ராக்சில் போன்ற தொகுதிகள் இருந்தால் இறுகலின் தொடக்கம் விரைவாகும். ஆனால் நுண்துகள்கள் கலவையைக் கெட்டியாக்கிவிடுவதால், இறுதிக் கட்டத்தில் மிஞ்சியிருக்கும் அமீனும் வளையமும் ஒன்றையொன்று தேடி நகர முடியாமல் தேங்கிவிடும். துகளின் பரப்பு அமீனை உறிஞ்சி வைத்துக்கொண்டாலோ, பிசினுக்கும் கடினமாக்கிக்குமான விகிதமே குலைந்து, கண்ணாடிநிலை வெப்பநிலை இறங்கிவிடும். ஒரு கிராமுக்குப் பல நூறு சதுர மீட்டர் பரப்பு கொண்ட களிமண் ஏட்டில் இந்த விளைவுகளைப் புறக்கணிக்க வழியில்லை.

அமோனியம் முறைக்கு ஒரு விலையும் இருந்தது. பந்தயத்தை வெல்ல உதவிய அந்த நீண்ட வால்கள், பொருள் இறுகிய பின்னும் உள்ளேயே தங்கிவிட்டன. ஏட்டுக்கும் பிசினுக்கும் நடுவே மெத்தென்ற படலமாக நின்று, விறைப்பைத் தேடியவர்களுக்கு இடையூறாயின.

கென்ட் ரிட்ஜில் ஒரு குறுக்குவழி

1997ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு பொருளறிவியல் ஆராய்ச்சி, பொறியியல் கழகத்தை நிறுவியது. பின்னர் ஏ-ஸ்டார் என்று அறியப்பட்ட அரசு ஆய்வு அமைப்பின்கீழ் வந்த இக்கழகம், கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கியது. வெளிநாட்டு நிறுவனங்களின் பொருத்துகூடமாக இருந்த தீவு, பொருளையே வடிவமைக்கும் இடமாக வேண்டும் என்ற கொள்கை மாற்றத்தின் விளைவு அது.

இக்கழகத்தில் ஹே சாவ்பின் வழிநடத்திய குழுவில் வாங் கே உள்ளிட்டோர் இருந்தனர். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வூ ஜிங்ஷென் கூட்டாளியாக இருந்தார். அமெரிக்காவில் எபாக்சியின் உடைவை நீண்டகாலம் ஆராய்ந்துவிட்டுச் சிங்கப்பூர் வந்து, கழகத்தின் இயக்குநராகப் பணியாற்றிய ஆல்பர்ட் யீயும் இவர்களுடன் சேர்ந்துகொண்டார்.

பந்தயத்தில் உட்புறத்தை வெல்ல வைப்பது எப்படி என்று மற்றவர்கள் முயன்றுகொண்டிருக்க, இக்குழு பந்தயமே தேவைப்படாத வழியைத் தேடியது.

மாண்ட்மோரிலோனைட் ஏடுகள் பிசினுக்குள்தான் பிரிய மறுக்கின்றன; தண்ணீரில் அவை தாமாகவே பிரிகின்றன. சோடியம் அயனிகளைச் சுற்றி நீர் சேர்ந்து, களிமண் உப்பி, ஏடு ஏடாக விலகிவிடும். மண்ணைக் குழைத்த எவரும் கண்டிருக்கும் அந்த உப்பலைக் கெடாமல் எபாக்சிக்குள் கொண்டுபோக முடிந்தால் போதும் என்பதே அவர்களின் கணக்கு.

தடை என்னவென்றால், நீரும் எபாக்சியும் கலப்பதில்லை. நீரைக் காயவைத்தால் ஏடுகள் மீண்டும் ஒட்டிக் கட்டாகிவிடும். காயவைக்காவிட்டால் பிசின் கெடும்.

அவர்கள் இரண்டையும் தவிர்த்தனர். நீரில் உப்பிய களிமண் குழம்பில், நீருடனும் பிசினுடனும் கலக்கவல்ல அசிட்டோனைச் சேர்த்து, வடித்து, நீரைப் படிப்படியாக வெளியேற்றினர்; எந்தக் கட்டத்திலும் ஏடுகள் உலர விடப்படவில்லை. அசிட்டோன் குழம்பாகிவிட்ட களிமண்ணுடன், ஒரு முனையால் கனிமத்தையும் மறு முனையால் பிசினையும் பற்றும் சிலேன் என்னும் இணைப்பியைச் சிறிதளவு சேர்த்தனர். பிறகு எபாக்சி சேர்ந்தது. ஆவியாகக்கூடிய அசிட்டோன் வெளியேறியது. கடைசியாகக் கடினமாக்கி வந்து, சூட்டில் எல்லாம் இறுகியது.

இறுகல் தொடங்கும் முன்பே ஏடுகள் பிரிந்து நின்றுவிட்டதால், கூழ்நிலைக்குள் அவற்றைப் பிரிக்க வேண்டிய அவசரம் நீங்கியது. அமோனியம் வால்களும் தேவைப்படவில்லை. குழம்புக் கலப்பு என்று பெயரிடப்பட்ட இம்முறையின் விவரங்கள் 2005ஆம் ஆண்டு லாங்மியூர், மேக்ரோமாலிக்யூல்ஸ் என்னும் ஆய்விதழ்களில் வெளியாயின.

2.5 விழுக்காட்டில் ஒரு திருப்பம்

மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, களிமண் ஏடுகள் எபாக்சி முழுவதும் சீராகப் பரவியிருந்தன. விறைப்பு, களிமண்ணின் அளவு கூடக் கூட இடைவிடாமல் ஏறியது. இத்தனை ஆண்டுகளாகக் கோட்பாடு கேட்டுக்கொண்டிருந்த நன்கு பிரிந்த நிலை கிடைத்துவிட்டதால், மற்றப் பண்புகளும் அதே வழியில் ஏறும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும்.

ஒரு பண்பு அப்படி ஏறவில்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட பொருள், அந்த விரிசல் ஓடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கும் முறிவுத் தாங்குதிறன், களிமண் எடையளவில் 2.5 விழுக்காட்டை எட்டியபோது உச்சத்தைத் தொட்டது. அதற்குமேல் களிமண் சேர்த்தால் அது இறங்கத் தொடங்கியது.

உடைந்து முடிந்த துண்டைப் பார்ப்பதைவிட, ஓடிவந்து பாதிவழியில் நின்றுபோன விரிசலின் முனையைப் பார்ப்பது அதிகம் சொல்லும் என்பதால், அந்த முனையை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியின்கீழ் வைத்தனர். முனையைச் சுற்றி எண்ணற்ற நுண்விரிசல்கள் தென்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பிசினும் களிமண்ணும் சேரும் எல்லையில் தோன்றவில்லை. இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த களிமண் ஏடுகளுக்கு இடையிலேயே தோன்றியிருந்தன.

எபாக்சிக்குள் ரப்பர் துகள்களைச் சேர்த்து உறுதியாக்கும் பழைய முறையில், துகள்கள் உள்ளே குழிந்து, சுற்றியுள்ள பிசினை நெகிழ்ந்து நீள வைத்து ஆற்றலை விழுங்கும் என்பதை 1980களிலேயே விளக்கியவர்களில் யீயும் ஒருவர். களிமண் அவ்வழியில் செல்லவில்லை. சின்னஞ்சிறு விரிசல்களாகத் தானே பிளந்தும், பெரிய விரிசலை நேர்வழியில் ஓடவிடாமல் திசைதிருப்பி அதன் பரப்பைக் கூட்டியுமே அது ஆற்றலை விழுங்கியது.

இவ்வாறு கதை தலைகீழாகிவிட்டது. முழுமையாகப் பிரியாத சில ஏடுகளின் பலவீனமான இடைவெளிகளே, 2.5 விழுக்காடு வரை பொருளை உடையாமல் காத்தன. அதே இடைவெளிகள் அளவுக்கு மீறிப் பெருகியதும் நுண்விரிசல்கள் ஒன்றோடொன்று எளிதில் இணைந்து, காத்த பொருளே உடைவுக்கு வழியமைக்கிறது என்று எண்ண இடமுண்டு.

தொழிலுக்கு இது எளிய விடையைத் தரவில்லை. சில்லுப் பொதிவுக்கும் கப்பல் பூச்சுக்கும் நீரைத் தடுக்கும் நெடுஞ்சுற்றுவழி வேண்டுமானால் ஏடுகள் ஒன்றுவிடாமல் பிரிய வேண்டும், அளவும் கூட வேண்டும். விரிசலைத் தாங்க வேண்டுமானால் சில ஏடுகள் இணையாகச் சேர்ந்திருந்து, தக்க நேரத்தில் பிளந்து கொடுக்க வேண்டும், அளவும் குறைவாக இருக்க வேண்டும். பிசினை இறுக வைக்கும் பாத்திரத்தில் இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நிரப்பியின் வலிமையைத் தேடிய ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி அங்கேயே முட்டி நிற்கும்.

ஏடுகளின் பிடிப்பை இறுக்க வேண்டுமா, தளர்த்த வேண்டுமா? அல்லது தட்டையான ஏட்டை விட்டுவிட்டு, நீண்ட குழாய் வடிவ கார்பனைப் பிசினுக்குள் செலுத்தினால் இரண்டும் ஒருசேரக் கிடைக்குமா?

(அடுத்த வாரம்: நானோகுழாய்களும் கலைந்துபோன ஒரு நம்பிக்கையும்)